பழைய சேலையிலும் பனியன் துணியிலும் தரைவிரிப்பு நெய்வது: முழுமையான வழிகாட்டி

வட இந்தியக் கடைகளில் 'சிந்தி தரி' (சிந்தி என்றால் கந்தல் துணி, தரி என்றால் தரைவிரிப்பு) என்ற பெயரில் விற்கும் கந்தல் விரிப்பைப் பார்த்திருப்பீர்கள். நீளவாக்கில் ஓடும் பாவு பருத்தி நூல், குறுக்கே ஓடும் ஊடை கிழித்த துணிக்கீற்று. தறி இல்லாமல், வீட்டில் ஒரு மரச்சட்டத்தில் அதை நெய்வதற்கான வரிசை இங்கே இருக்கிறது. அளவு 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம். வாசலுக்கோ கட்டிலோரத்துக்கோ போதுமானது. இதைவிடப் பெரிதாக முதல் தடவையே போகாதீர்கள்.

புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே அவசரம்: உடனே நெய்ய உட்கார வேண்டும். பிறகு விரிப்பு கோணிக்கொண்டாலோ நடுவில் உப்பிக்கொண்டாலோ, "எனக்குக் கை வரவில்லை" என்பார்கள். பெரும்பாலும் குற்றம் கையில் இருக்காது. கீற்றின் தடிமனிலோ பாவின் இழுப்பிலோ இருக்கும். அந்த இரண்டும் நெய்ய உட்காருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிற விஷயங்கள். அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் நெசவுக்கு முந்தைய வேலை.

முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

துணி: சுமார் ஒன்றரை கிலோ. அவ்வளவும் செலவாகாது. ஆனால் பாதியில் நிறம் தீர்ந்துபோனால் அதே துணி மறுபடி கிடைக்காது.

பாவுக்கு: 2 மி.மீ. தடிமனுள்ள பருத்தி நூல், 100 மீட்டர் சுருள் ஒன்று. மேக்ரமே என்ற கயிற்று முடிச்சுக் கைவேலைக்கு விற்கிற முறுக்கு நூலே போதும். நைலான் வேண்டாம், முடிச்சு வழுக்கும். சணல் கயிறும் வேண்டாம், உராய்ந்து உராய்ந்து நாரெழுந்து அறுந்துபோகும். எந்த நூலானாலும் ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் சுண்டி இழுத்துப் பாருங்கள். அறுந்தால் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

சட்டத்துக்கு: 3 அங்குல அகலமும் ஒன்றரை அங்குல கனமும் உள்ள மரக்கட்டை, மூலைகளுக்கு நான்கு இரும்பு 'எல்' பட்டைகள், தலை சிறுத்த ஆணி 130.

மற்றவை: நல்ல கத்தரிக்கோல், மரச்சட்டத்தின் உள்ளகலத்தைவிடக் கொஞ்சம் குறைந்த நீளத்தில் தட்டையான மரப்பட்டை இரண்டு, ஓர் உருண்டைக் கம்பு, கனமான முள்கரண்டி, அளவு நாடா, சமையலறைத் தராசு.

1. துணியைப் பிரியுங்கள்

ஒரு விரிப்பில் ஒரே வகை இழைதான் போக வேண்டும். பருத்தியென்றால் முழுக்கப் பருத்தி. பருத்தியையும் பாலியெஸ்டரையும் கலந்து நெய்தால் முதல் துவைப்பில் பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் அப்படியே நிற்கும். விரிப்பு அலையலையாக மேடுதட்டிவிடும். தவிர, பாலியெஸ்டர் ஈரத்தை இழுக்காது. வாசலில் போடும் விரிப்புக்கு அது உதவாது.

சேலை, லுங்கி, வேட்டி, படுக்கைவிரிப்பு, சட்டை எல்லாம் ஒரு கூடை. டி-ஷர்ட், பனியன் மாதிரி பின்னலாடை இன்னொரு கூடை. ஜீன்ஸ் தனி. இரண்டு கூடைத் துணியையும் ஒரே விரிப்பில் சேர்க்கலாம், ஆனால் கீற்றின் அகலம் வெவ்வேறு. அதை 3-ஆவது படியில் பார்ப்போம்.

துணி பழையதாக இருக்கலாம், நைந்திருக்கக் கூடாது. சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். முந்தானையும் உடலும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் கொசுவம் தரையில் உரசும் பகுதியிலும், இடுப்பில் செருகும் இடத்திலும் வெளிச்சம் சல்லடைபோல் இறங்கும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் துணி 'சர்' என்று விட்டுவிடும். அதை வெட்டி எறியுங்கள். மனசில்லாமல் சேர்த்துக்கொண்டால் ஆறு மாதத்தில் விரிப்பின் நடுவே ஒரு வரிசை மட்டும் பிய்ந்து தொங்கும்.

ஜரிகைக் கரை, ஃபால்ஸ், எலாஸ்டிக், பொத்தான், அச்சடித்த ரப்பர் படம் எல்லாம் முதலிலேயே போக வேண்டும். டி-ஷர்ட்டின் நெஞ்சில் இருக்கும் ரப்பர் அச்சு நெய்த பிறகு விறைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

வீட்டில் அவ்வளவு துணி இல்லையா? திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் கழியும் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். வெள்ளைக்கு விலை கூட, கலர்க் கலவைக்குக் குறைவு. வாங்கும்போது நீளமான துண்டாகக் கேளுங்கள். உள்ளங்கை அளவுத் துண்டுகள் வண்டி துடைக்கத்தான் லாயக்கு. விசைத்தறியில் துணியின் ஓரத்தில் அறுத்துத் தள்ளும் நீளப் பட்டை கிடைத்தால் விடாதீர்கள். கிழிக்கிற வேலையே மிச்சம்.

2. சாயம் பாருங்கள், அப்புறம் துவையுங்கள்

வெட்டுவதற்கு முன் துவைக்க வேண்டும். வெட்டிய பிறகு துவைத்தால் கீற்றுகள் ஒன்றோடொன்று சிக்கி, பிரிக்கவே ஒரு நாள் ஆகும். புதிய கட்டிங் வேஸ்டையும் துவைக்கத்தான் வேண்டும், அதன் சுருக்கம் இன்னும் வெளியே வரவில்லை. சின்னத் துண்டுகளைத் தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டித் துவைத்தால் சிதறாது.

சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு, இந்த நான்கையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஒரு ஓரத்தை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். கறை பிடித்தால் அந்தத் துணியைத் தனியாக இரண்டு மூன்று முறை துவைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் சாயம் இறங்கினால் விட்டுவிடுங்கள். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் ஏற்றி முடித்த துணியில் உப்பு அந்த வேலையைச் செய்வதில்லை. இறங்க வேண்டிய சாயம் இறங்கியே தீரும். வெளிர்நிற விரிப்பில் அது எப்போது இறங்கும் என்பதுதான் கேள்வி.

கஞ்சி போட்ட துணியென்றால் கஞ்சி முழுக்கப் போகும்வரை அலசுங்கள். விறைத்த கீற்று பாவுக்குள் படியாது.

3. கீற்றின் அகலத்தை முடிவுசெய்யுங்கள்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. "எத்தனை செ.மீ. அகலத்தில் வெட்டணும்?" என்று ஒரே எண்ணைக் கேட்பார்கள். அப்படி ஒரே எண் கிடையாது. சமமாக இருக்க வேண்டியது அகலம் அல்ல, முறுக்கிப் பிடித்தால் வரும் தடிமன். மெல்லிய சேலையும் கனத்த ஜீன்ஸும் ஒரே அகலத்தில் போனால் ஒரு வரிசை பள்ளமாகவும் அடுத்தது மேடாகவும் வரும். நடக்கும்போது மேடு மட்டும் தேயும்.

அளவுகோல் இதுதான்: கீற்றை இரண்டு கையிலும் பிடித்து இரண்டு மூன்று தடவை முறுக்குங்கள். ஒரு பென்சிலின் கனம் வர வேண்டும். தொடங்குவதற்கு வசதியாகச் சில அளவுகள்:

மெல்லிய பருத்திச் சேலை 6 முதல் 7 செ.மீ.
லுங்கி, சட்டை, பாப்ளின் 4 முதல் 5 செ.மீ.
படுக்கைவிரிப்பு 4 செ.மீ.
டி-ஷர்ட், பனியன் 3 செ.மீ.
ஜீன்ஸ் ஒன்றரை முதல் 2 செ.மீ.

ஒவ்வொரு துணியிலும் ஒரு முழம் மட்டும் கிழித்து, எல்லாவற்றையும் முறுக்கி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எது தடிப்பு, எது மெலிசு என்று தெரிந்துவிடும். சரிசெய்த பிறகுதான் மொத்தத் துணியையும் தொட வேண்டும். இந்தப் படிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் பத்தில் எட்டுப் பேர் இதைத் தாண்டிப் போகிறார்கள்.

4. கிழித்து உருட்டுங்கள்

சேலை, லுங்கி போன்ற நெய்த துணியைக் கத்தரிக்கோலால் முழுக்க வெட்டாதீர்கள். ஓரத்தில் ஒரு சிறு வெட்டுக் கொடுத்து, கையால் கிழியுங்கள். கிழிசல் இழையோடு இழையாக நேராகப் போகும். வெட்டினால் கோணும், கோணிய இடத்தில் நூல் பிரிந்துகொண்டே இருக்கும். சேலையை நீளவாக்கில் கிழியுங்கள். ஐந்தரை மீட்டர்க் கீற்று ஒரே துண்டாகக் கிடைக்கும், இணைப்பு குறையும். 6 செ.மீ. அகலம் வைத்தால் ஒரு சேலையில் ஏறத்தாழ 18 கீற்று, அதாவது நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறும்.

கிழிக்கும்போது பஞ்சுத்தூசி நிறையப் பறக்கும். மொட்டை மாடியிலோ திண்ணையிலோ, மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

பின்னலாடை கிழியாது. அதை வெட்டத்தான் வேண்டும். டி-ஷர்ட்டின் அக்குளுக்குக் கீழே உள்ள உடல் பகுதியை எடுத்து, அகலவாக்கில், சுற்றிச் சுற்றி ஒரே தொடர் கீற்றாக வெட்டுங்கள். பக்கத் தையல் இல்லாத பனியன் இதற்கு மிகவும் வசதி. வெட்டிய கீற்றை ஒருமுறை இழுத்துவிட்டால் ஓரங்கள் உள்ளே சுருண்டு குழாய்போல் ஆகிவிடும். நீளவாக்கில் வெட்டினால் அந்தச் சுருட்டல் சரியாக வராது.

கிழித்ததை நிறவாரியாக உருண்டையாகச் சுற்றி வையுங்கள். சுற்றும்போதே தொங்கும் நூல்களை இழுத்துப் போட்டுவிடுங்கள். உருண்டையாக வையுங்கள் என்று சொல்வது அழகுக்காக அல்ல. எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

5. சட்டம் செய்யுங்கள்

உள்ளளவு 75 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம். விரிப்பு 90 செ.மீ.தானே, எதற்கு 120 என்று கேட்பார்கள். இரண்டு முனையிலும் குஞ்சத்துக்கு நூல் விட வேண்டும். தவிர, மேலே ஆணியை ஒட்டிய பகுதியில் கை நுழையாது, அங்கே நெய்ய முடியாது.

கட்டை ஏன் 3 அங்குலம்? அறுபதுக்கு மேற்பட்ட இழைகள் சேர்ந்து இழுக்கும்போது மெல்லிய ரீப்பர் நடுவில் வளைந்துவிடும். வளைந்தால் நடு இழைகள் தளரும், ஓர இழைகள் மட்டும் விறைத்து நிற்கும். கட்டையின் அகலமான பக்கம் இழுப்புத் திசையில் இருக்கும்படி வையுங்கள், அதாவது சட்டம் தரையில் படுத்திருக்கும்போது கட்டையும் படுத்திருக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால்தான் சட்டம் கோணாமல், மூலைகள் நேராக இருக்கின்றன என்று அர்த்தம். பழைய கயிற்றுக் கட்டிலின் சட்டம் வீட்டில் கிடந்தால் அதுவே போதும், இதைவிட உறுதி.

மேல்கட்டையிலும் கீழ்கட்டையிலும் தலா 61 ஆணி, ஒரு செ.மீ. இடைவெளியில். ஒரே கோட்டில் அடித்தால் மரம் பிளக்கும். ஒரு செ.மீ. தள்ளி இரண்டு கோடு போட்டு, மாற்றி மாற்றி அடியுங்கள். ஆணி வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தால் நூல் கழன்று வராது.

6. பாவு ஓட்டுங்கள்

முதலில், மேல் ஆணிகளுக்குச் சற்றுக் கீழே ஒரு தட்டையான மரப்பட்டையைக் குறுக்காக வையுங்கள். பாவு இதன்மேல் ஏறிப் போக வேண்டும். இதன் பயன் பின்னால் தெரியும், இப்போது மறக்காமல் வைத்துவிடுங்கள்.

கீழே இடது ஓரத்து முதல் ஆணியில் நூலைக் கட்டி, நேரே மேலே முதல் ஆணிக்குக் கொண்டுபோங்கள். அதைச் சுற்றி இரண்டாவது ஆணிக்குத் தாண்டி, கீழே இறக்கி, கீழ் இரண்டாவது ஆணியைச் சுற்றி மூன்றாவதுக்குத் தாண்டி, மறுபடி மேலே. இப்படி 61 இழை. இடது ஓரத்து முதல் இரண்டு இழைக்கும் வலது ஓரத்துக் கடைசி இரண்டு இழைக்கும் கூடுதலாக ஒவ்வொரு நூல் சேர்த்து இரட்டிப்பாக்குங்கள். ஊடை திரும்பும் ஒவ்வொரு தடவையும் அடி வாங்குவது ஓர இழைதான்.

ஒரே சுற்றில் இறுக்கப் பார்க்காதீர்கள். முதல் சுற்றில் நடுத்தரமாக ஓட்டி முடித்து, கடைசி முனையைக் கட்டாமல் ஆணியில் சுற்றி வையுங்கள். பிறகு முதல் இழையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாகத் தளர்வை இழுத்து அடுத்த இழைக்குத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் மொத்தத் தளர்வையும் வெளியே எடுத்துக் கட்டுங்கள்.

சோதனை: உள்ளங்கையைப் பாவின் நடுவில் வைத்து அழுத்தினால் இரண்டு மூன்று செ.மீ. இறங்கி, எடுத்ததும் எழும்ப வேண்டும். அப்புறம் கையை இடமும் வலமும் நகர்த்துங்கள். எங்கே அழுத்தினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இழுப்பு கூடுதலா குறைவா என்பதைவிட, சமமாக இருக்கிறதா என்பதே முக்கியம். தொளதொளவென்ற ஓர் இழை இருந்தால் அந்த இடத்தில் ஊடை மேலே புடைத்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு அடித்தாலும் படியாது.

7. விழுது கட்டுங்கள்

61 இழையையும் ஒவ்வொரு வரிசையிலும் கையால் மேலும் கீழும் எடுத்து நெய்யலாம். அப்படிச் செய்தவர்கள் முதல் சாணிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். அரை நாள் செலவழித்து விழுது, அதாவது இழைகளைச் சேர்த்துத் தூக்கும் நூல் வளையங்கள், கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மரப்பட்டையைப் பாவுக்குள் ஒன்று விட்டு ஒன்றாக நுழையுங்கள். இதைச் செங்குத்தாகத் திருப்பினால் ஒற்றைப்படை இழைகள் (1, 3, 5...) மேலே எழும், ஊடையை நுழைக்க இடைவெளி திறக்கும், அது ஒரு வாய். பட்டையைப் படுக்கவைத்து மேலே தள்ளிவிடுங்கள். இப்போது பட்டைக்குக் கீழே தங்கிய இரட்டைப்படை இழைகள் (2, 4, 6...) ஒவ்வொன்றையும் ஒரு நூல் வளையத்தில் பிடித்து, உருண்டைக் கம்பில் மாட்டுங்கள். கம்பைத் தூக்கினால் இரட்டைப்படை இழைகள் எழும், அது மறுவாய். விழுதுக் கம்பு உங்கள் பக்கம், பட்டை அதற்கு அப்பால். மாற்றி வைத்தால் ஒரு வாய் திறக்கவே திறக்காது.

வளையங்கள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். 8 செ.மீ. அகல அட்டை ஒன்றை வெட்டி, அதைச் சுற்றி ஒவ்வொரு வளையத்தையும் முடிச்சிடுங்கள். ஒரு வளையம் நீளமாகிவிட்டால் அந்த இழை முழுதாக எழாது. ஊடை அதன் மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போய்விடும். நெய்த பக்கத்தில் அது நீளமான தையல்போலத் தெரியும், கால்விரல் அதில்தான் மாட்டும்.

இரண்டு வாயையும் நான்கைந்து தடவை திறந்து மூடிப் பாருங்கள். துணிச்சுருளோடு உங்கள் கை தாராளமாகப் போய் வர வேண்டும்.

8. அடிவரிசை போடுங்கள்

உடனே துணிக்கீற்றை நுழைக்காதீர்கள். ஆணியோரம் பாவு இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும். உதவாத துணியில் மூன்று நான்கு வரிசை போட்டு அடித்தால் இழைகள் பிரிந்து சம இடைவெளிக்கு வரும். இதை ஆணியிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தொடங்குங்கள். அந்த 10 செ.மீ.தான் பிறகு முடிச்சுக்கும் குஞ்சத்துக்கும்.

அதற்கு மேலே பாவு நூலிலேயே ஐந்தாறு வரிசை நெருக்கமாக நெய்யுங்கள். இது பூட்டு. இது இல்லாமல் முடிச்சு மட்டும் போட்டால், முதல் துணி வரிசை துவைக்கத் துவைக்கச் சரிந்து குஞ்சத்துக்குள் இறங்கும்.

9. ஊடை ஓட்டுங்கள்

இரண்டு மூன்று மீட்டர்க் கீற்றைக் கையடக்கமாகச் சுற்றி, வாயைத் திறந்து நுழையுங்கள். நேர்க்கோடாக இழுத்து வைக்கக் கூடாது. நடுவில் 8 முதல் 10 செ.மீ. உயரும்படி வில்லாக வளைத்து வையுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி முள்கரண்டியால் அடித்து இறக்குங்கள். ஊடை நேராகப் போவதில்லை, ஒவ்வோர் இழைக்கும் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. அதற்குக் கூடுதல் நீளம் வேண்டும். வில் வைக்காவிட்டால் அந்த நீளத்தை ஓரத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். 60 செ.மீ.யில் ஆரம்பித்த விரிப்பு 50-இல் முடியும். புதியவர்களின் விரிப்பில் இடுப்பு விழுவது இதனால்தான்.

வில் அதிகமானால் எதிர்ப் பிரச்சினை: நடுவில் துணி மடிந்து குமிழி எழும். பத்து வரிசைக்குள் உங்கள் கைக்கு அளவு பிடிபடும்.

அடித்த பிறகு வாயை மாற்றி, இன்னொரு தடவை அடியுங்கள். வாய் மாறும்போது இழைகள் குறுக்கிட்டு ஊடையைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில் விழும் அடிதான் உட்காரும். ராஜஸ்தானில் ஜோத்பூரை அடுத்த சாலாவாஸ் ஊரில் தரி நெய்பவர்கள் 'பஞ்சா' என்ற, நகங்கள் வைத்த இரும்புக் கருவியால் அடிப்பார்கள். நமக்குக் கனமான முள்கரண்டி போதும். ஆனால் அந்தக் கனம் கட்டாயம் வேண்டும், பிளாஸ்டிக் சீப்பால் ஒன்றும் நடக்காது.

ஓரத்தில் திரும்பும்போது கீற்றை அரை முறுக்கு முறுக்கி, கிழிந்த ஓரம் உள்ளே போகும்படி மடித்துத் திருப்புங்கள். ஓர இழையைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிடித்திருக்கட்டும், ஊடையை அந்தப் பிடியைத் தாண்டி இழுக்காதீர்கள். அச்சுத் துணியென்றால் நிறம் தெரியும் பக்கம் வெளியே வருமாறு மடியுங்கள். இல்லையென்றால் வெளுத்த பின்பக்கம்தான் தெரியும்.

ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் மூன்று அளவு எடுங்கள்: அகலம், இடது ஓர உயரம், வலது ஓர உயரம். அகலம் குறையத் தொடங்கினால் இரண்டு ஓரத்தையும் ஒரு நூலால் சட்டத்தின் பக்கக் கட்டையோடு இழுத்துக் கட்டுங்கள். அப்படிக் கட்டிக்கொண்டே மேலே போகலாம். வலதுகைக்காரர்களுக்குப் பெரும்பாலும் வலப்பக்கம் அடி பலமாக விழும், அந்தப் பக்கம் உயரம் குறையும். குறைந்த பக்கம் பாதி அகலத்துக்கு மட்டும் ஒரு வரிசை ஓட்டித் திரும்பினால் சமமாகிவிடும். 2 செ.மீ. வித்தியாசம் வரும்வரை விட்டுவைத்தால் இந்த வைத்தியம் வெளியே தெரியும்.

முதல் 10 செ.மீ. முடிந்ததும் துணி உருண்டைகளைத் தராசில் வையுங்கள். தொடங்குவதற்கு முன் இருந்த எடையிலிருந்து கழித்தால் 10 செ.மீ.க்கு எவ்வளவு என்று தெரியும். அதை ஒன்பதரையால் பெருக்குங்கள், மொத்தத் தேவை வந்துவிடும். துணி போதாது என்பது தெரிய வேண்டிய நேரம் இது, 70 செ.மீ. தாண்டிய பிறகு அல்ல.

10. கீற்றுகளை இணைப்பது

முடிச்சுப் போடாதீர்கள். ஒவ்வொரு முடிச்சும் காலடியில் கல்லாக உறுத்தும். இரண்டு முனைகளையும் சாய்வாக, கூர்மையாக வெட்டி, ஒரே வாய்க்குள் 5, 6 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து அடியுங்கள். கூராக வெட்டியதால் அந்த இடத்தில் தடிமன் இரட்டிப்பாகாது.

இணைப்பு ஓரத்தில் வரக் கூடாது, பிரிந்துவிடும். அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே இடத்தில் வந்தாலும் மேடாகிவிடும். சிலர் முனைகளில் துளை போட்டு ஒன்றுக்குள் ஒன்று கோத்து இணைப்பார்கள். வேகமான முறைதான், ஆனால் பின்னலாடைக்கு மட்டும் பொருந்தும். நெய்த துணியில் அது முடிச்சு மாதிரியே தடித்துவிடும்.

11. நிறம்

இதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு: கலவை நிறத்தை அதிர்ஷ்டத்துக்கு விடாதீர்கள். கைக்கு வந்ததை நெய்தால், எல்லோரும் பிடித்த நிறத்தை முதலில் தீர்த்துவிடுவார்கள். ஒரு முனை பளிச்சென்றும் மறுமுனை சாம்பலாகவும் முடியும். உருண்டைகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். முதல் பாதிக்கு ஒரு பங்கு, மறுபாதிக்கு அடுத்தது.

கறுப்பும் வெள்ளையும் அடுத்தடுத்த வரிசையில் வந்தால் நெசவின் ஒவ்வொரு குறையும் கண்ணுக்குத் தெரியும். முதல் விரிப்புக்கு நடுத்தர நிறங்கள் நல்லது. இரண்டு நிறக் கீற்றை ஒன்றாக முறுக்கி ஓட்டினால் தவறு மறையும், ஆனால் அப்போது கீற்றின் அகலத்தைப் பாதியாக்க வேண்டும்.

12. கடைசிப் பகுதி

நெய்ய நெய்யப் பாவு இறுகிக்கொண்டே போகும். 60 செ.மீ. தாண்டும்போது வாய் திறக்கச் சிரமமாக இருக்கும். ஆணிக்குக் கீழே வைத்த மரப்பட்டையை இப்போது உருவி எடுங்கள். கொஞ்சம் தளர்வு கிடைக்கும்.

90 செ.மீ. வேண்டுமென்றால் 94, 95 வரை நெய்யுங்கள். சட்டத்திலிருந்து இறக்கியதும் விரிப்பு கொஞ்சம் உள்வாங்கும். கடைசி சில வரிசைக்கு விழுதுக் கம்பு இடைஞ்சல். அதைக் கழற்றிவிட்டு, மொட்டை ஊசியில் கீற்றைக் கோத்துக் கையால் நெய்யுங்கள். பொறுமை போகும் இடம் இது. இங்கே அடி தளர்ந்தால் விரிப்பின் ஒரு முனை மட்டும் பஞ்சாக இருக்கும். முடிவில், ஆரம்பத்தில் செய்த மாதிரியே பாவு நூலால் ஐந்தாறு வரிசை பூட்டு.

13. இறக்கி முடிச்சிடுங்கள்

எல்லா இழையையும் ஒரே மூச்சில் வெட்டாதீர்கள். மேல்முனையில் ஆணியோரம் நான்கு இழையை வெட்டி, அந்த நான்கையும் சேர்த்து ஒரு முடிச்சிட்டு, அதைப் பூட்டு வரிசையின் விளிம்பை ஒட்டித் தள்ளி இறுக்குங்கள். நடுவில் தொடங்கி, இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஒரு ஓரத்திலிருந்து வரிசையாகப் போனால் மறு ஓரம் தளர்ந்து சரியும். கடைசியில் மிஞ்சும் இழையைப் பக்கத்து முடிச்சோடு சேர்த்துவிடுங்கள்.

கீழ்முனையில் முதலில் உதவாத துணி வரிசைகளை உருவி எடுத்துவிட்டு அதே வேலை. குஞ்சத்தை 6 செ.மீ. விட்டுச் சீராக வெட்டுங்கள். ரொம்ப நீளமாக விட்டால் துடைப்பத்தில் மாட்டும்.

பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கீற்று முனைகளை ஒட்ட வெட்டாதீர்கள். 2 செ.மீ. விட்டு, பக்கத்து வரிசைக்குள் செருகிவிடுங்கள். ஒட்ட வெட்டினால் துவைப்பில் உருவிக்கொண்டு வெளியே வரும்.

14. முதல் துவைப்பும் தரையும்

ஓர் இரவு தட்டையாகக் கிடக்கட்டும், இழைகள் தங்கள் இடத்துக்கு வரும். மறுநாள் குளிர்ந்த நீரில் முக்கி, பிழியாமல் அழுத்தித் தண்ணீரை எடுங்கள். நிழலில் தரையில் விரித்து, கையால் இழுத்துச் சதுரம் பண்ணிக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் விரிப்பு ஒரு பக்கம் நீண்டுவிடும். அது மறுபடி பழைய அளவுக்கு வராது. காய ஒன்றரை நாள்கூட ஆகலாம். மழைக்காலத்தில் மின்விசிறிக்குக் கீழே போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை நாற்றம் ஏறிவிடும்.

மொசைக், டைல்ஸ், கிரானைட் தரையென்றால் கீழே வழுக்காத ரப்பர் வலை இல்லாமல் போடவே கூடாது. பருத்தி விரிப்பு அந்தத் தரையில் சறுக்கிக்கொண்டு போகும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே வேண்டாம். வலையை விரிப்பைவிட நான்கு பக்கமும் 2 செ.மீ. குறைத்து வெட்டுங்கள், ஓரம் வெளியே தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை விரிப்பைப் புரட்டிப் போட்டு, தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுதான், கீற்று முனைகளைச் சரியாகச் செருகியிருந்தால் எது பின்பக்கம் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.